தீர்ப்பு சொல்லாத கட்டு

நீதிபதி பிலோமினாள் அந்தச் சின்னக் கோர்ட்டுக்கு மாற்றலாகி வந்து எட்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் தலைவலி. வாதம் முடிந்தும் நாலு மாதமாகத் தீர்ப்பு வராத வழக்கு என்று பதிவேட்டில் ஒன்று நிற்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் முள் வைத்து அடைத்துவிட்ட பாதைக்காகச் சோணையம்மாள் போட்ட வழக்கு. ஏன் தாமதம் என்று மாவட்ட நீதிபதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் கேட்டிருக்கிறார். வழக்குக் கட்டைக் காணோம்.

"எனக்கு முன்னாடி நடந்ததுன்னு நான் ஒதுங்க முடியாது, இம்மானுவேல். இப்ப இந்தக் கோர்ட்டு என் பொறுப்பு. பதிவேடெல்லாம் சரியா எழுதுறீங்கல்ல?"

"ஒரு எழுத்து விடுறதில்ல மேடம்," என்றார் ஹெட்கிளார்க்.

ஆளுக்கொரு மெமோ கொடுத்தார் நீதிபதி. பதினோரு மணிக்குப் பார்த்தால் எல்லாரும் குனிந்து விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார்கள். தேட ஆளில்லை.

மெமோக்களைத் திரும்ப வாங்கினார். "எல்லா பீரோவையும் காலி பண்ணுங்க!"

மதியத்துக்குள் கட்டுகள் சன்னல் உயரம் ஏறிவிட்டன. திருமங்கலத்து வக்கீல் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என் கேஸ் கட்டும் இதுக்குள்ளதான் கிடக்கும்போல. வாய்தா குடுத்திருங்க மேடம்."

அவரைப் பார்த்து இன்னும் ஆறு பேர். ஒரு தீர்ப்பைத் தேடப்போய் ஏழு வழக்குகள் தள்ளிப்போயின.

காலையிலிருந்து மடியில் தூக்குவாளியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த சோணையம்மாளுக்கே மனசு கேட்கவில்லை. "என்னத்தய்யா இம்புட்டுத் தேடுறீக? நானும் வாரேன்."

"நீ சும்மா உக்காரு ஆத்தா," என்றார் இம்மானுவேல்.

"இன்னும் யாரு பாக்கி?" என்று கேட்டார் நீதிபதி.

"டைப்பிஸ்ட் ஜெரால்ட் மட்டும் உள்ள ஏதோ நகல் அடிச்சுக்கிட்டிருக்கான் மேடம்."

"நகல் நாளைக்கு அடிக்கலாம். கூப்பிடுங்க."

ஜெரால்ட் வந்தான். "எந்தக் கட்டுண்ணே? நம்பர் சொல்லுங்க."

"நம்பர் என்னடா நம்பரு? தீர்ப்பு சொல்லாத கட்டு. குனிஞ்சு தேடு மாப்ள!" என்றார் இம்மானுவேல்.

நாலரை மணி. நீதிபதி எழுந்து பெஞ்சுக்கே போனார்.

"மன்னிச்சிருங்கம்மா. உங்க வழக்குல தீர்ப்பு இம்புட்டுத் தாமதமானது எங்க தப்பு. இன்னும் ஒரு வாரத்துல..."

சோணையம்மாள் பதறி எழுந்தார்.

"என்ன தாயி இப்படிச் சொல்றீக? பழைய ஐயா மாத்தலாகிப் போன அன்னைக்கே பாதை எனக்குத்தான்னு தீர்ப்பு சொல்லிட்டாகளே! அந்தக் கட்டைப் பக்கத்துல வச்சு அதோட நகலைத்தான் அந்தத் தம்பி எனக்கு அடிச்சுக்கிட்டிருந்துச்சு. கடைசிப் பக்கம் வரும்போது நீங்க தேடக் கூப்பிட்டுட்டீக."