சத்தமில்லாத மின்விசிறி

படத்தை ஒரு நொடி நிறுத்தலாம் என்றுதான் விசிறியார் விசைப்பலகையின் மேல்வரிசையில் இருந்த ஓட்டி-நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். படம் நிற்கவில்லை. ‘கர்ர்ர்ர்... புஸ்ஸ்’ என்று எங்கிருந்தோ ஒரு சத்தம் கிளம்பியது.

விசிறியார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். இருபது வருடமாக மின்விசிறி விற்கிறார். அன்று வீட்டில் இருந்தபடியே, கம்ப்யூட்டர் வழியாக, ஒரு நூலகத்துக்கு நாற்பது மின்விசிறிகளை விற்க உட்கார்ந்திருந்தார். சத்தமே போடாத புது ரகம்; அது சுற்றும் படத்தைத்தான் திரையில் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். இந்த ஆர்டர் கைநழுவினால் தூரத்துக் கிளைக்கு மாற்றல். இரண்டு வருடம் குடும்பத்தை விட்டுத் தன்னந்தனியாக இருக்க வேண்டும். மேலாளர் இதைச் சொன்னதோடு விடாமல், திரையின் ஒரு மூலையில் தானும் வந்து உட்கார்ந்திருந்தார்.

அவருடைய கம்ப்யூட்டர் பழுது. மனைவியுடையதை இரவல் வாங்கியிருந்தார். “என் பிரௌசர்ல ஒரு டேப்பைக்கூட மூடக் கூடாது, சொல்லிட்டேன்” என்று எச்சரித்துவிட்டுத்தான் அவள் வேலைக்குக் கிளம்பினாள். மொத்தம் முப்பத்தேழு டேப். பெயர் தெரியக்கூட இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன.

“என்ன சார் சத்தம்?” என்றார் நூலகர். வேலையில் பழகிய தோஷம், எதையும் கிசுகிசுப்பாகத்தான் பேசுவார் அந்த அம்மா.

“ஒண்ணுமில்ல மேடம், இதோ...”

ஒலியைக் குறைக்கும் பொத்தானைத் தட்டித் தட்டிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். சத்தம் அடங்கியது. விசிறியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இப்போ கவனிங்க மேடம். ஃபேன் முழு வேகத்துல சுத்துது. ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும்!”

பாவம், அவர் குறைத்தது தன் காதுக்கு மட்டும்தான். திரையோடு ஒலியையும் சேர்த்துப் பகிர்ந்திருந்ததால் நூலகத்துக்கு அது குறையாமல் போய்க்கொண்டிருந்தது.

“ஊசி என்ன சார், உலக்கை விழுந்தாலும் கேக்காது,” என்றார் நூலகர்.

மேலாளரிடமிருந்து கைப்பேசிக்குச் செய்தி வந்தது: ‘யோவ், அதை நிறுத்துய்யா!’

விசிறியார் பதறிப்போய் ஒலியைத் திரும்பக் கூட்டினார். கர்ர்ர்ர். மவுஸைப் பிடித்துப் படத்தின் மேல் ஒரு தட்டு தட்டினார். மின்விசிறி நின்றது. சத்தம் நிற்கவில்லை.

“நின்ன பிறகும் சத்தம் போடுதே?”

“அது... இவ்வளவு நேரம் ஓடின களைப்பு மேடம்.”

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்தப் பொத்தானுக்கு ஒரு குணம் உண்டு. கண்ணெதிரே ஓடும் படத்தை அது மதிக்காது. கடைசியாகச் சத்தம் போட்டது எதுவோ அதைத் தேடிப் போய் எழுப்பும். மின்விசிறிப் படத்தில் சத்தமே கிடையாது. அதுதானே அதன் பெருமை! ஆகவே முப்பத்தேழில் ஏதோ ஒன்று எழுந்துவிட்டது. பொறுமையாக இன்னொரு முறை அழுத்தியிருந்தால் தானாக அடங்கியிருக்கும். விசிறியார் இரண்டு முறை அழுத்தினார். நின்றது, மறுபடி கிளம்பியது. பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். அது அடுத்த பதிவுக்குத் தாவியது. இது முன்னதைவிடக் கனம்: ‘ஹ்ர்ர்ர்ர்ர்... ம்ஹூம்...’

வேறு வழியில்லாமல் மனைவிக்குப் போன் போட்டார்.

“உன் கம்ப்யூட்டர்ல என்னமோ உறுமுதும்மா!”

அவள் குரல் சட்டென்று தாழ்ந்தது. “அதை யாராவது கேட்டாங்களா?”

“ஒரு நூலகமே கேட்டுக்கிட்டிருக்கு!”

“ஐயய்யோ, என் மானம் போச்சு!” போனை வைத்துவிட்டாள்.

விசிறியாருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தூரத்துக் கிளையில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவதை இப்போதே பார்த்துவிட்டார்.

அந்த முகத்தைப் பார்த்து நூலகருக்கும் மனசு கேட்கவில்லை. “சார், இனிமே சமாளிக்காதீங்க. இது ஃபேன் சத்தம் இல்லைன்னா வேற என்னன்னு சொல்லுங்க. சொல்லிட்டா நாற்பதையும் இன்னைக்கே எடுத்துக்கறோம். இல்லைன்னா விட்டுடுங்க.”

“சத்தியமா எனக்குத் தெரியல மேடம்,” என்றார் விசிறியார். கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து அவர் கலப்படமில்லாமல் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“இது உங்க குறட்டைதான் மாப்பிள்ளை! நீங்க ஆபீஸ் வேலையா வெளியூர் போனா, இதைப் போட்டுக்கிட்டாத்தான் என் பொண்ணுக்குத் தூக்கமே வருது.”