நிழலுக்கு நாலு வருஷம்

கேரவனுக்கு நிழல் வேண்டும், அதற்கு உயரமான செடிவேலி வேண்டும், அதை நானே என் கையால் நடவேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவெடுத்தேன். கல்யாணமான பிறகு நானாக எடுத்த மூன்றாவது முடிவு அது. முதல் இரண்டைப் பற்றி இங்கே பேச வேண்டாம். ஒன்றுக்குத் தீயணைப்பு வண்டி வரவேண்டியிருந்தது.

உங்களிடம் மறைப்பானேன்? நிழல் என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது பயம்.

முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். மேலே, கீழே. எனக்குத் தெரிந்த திசைகள் இந்த இரண்டுதான். ஓய்வு பெற்ற கையோடு, ஏதோ ஒரு வேகத்தில் பழைய கேரவன் ஒன்றை வாங்கிவிட்டேன். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு. வீட்டைத் தூக்கிச் சக்கரத்தில் வைத்த மாதிரி இருக்கும். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னபோது, "கேரவனா? யாரவன்?" என்றுதான் கேட்டாள். நேரில் பார்த்ததும் சொக்கிப்போனாள். ஏரி, மலை, கடற்கரை என்று பதினொரு இடங்களின் பட்டியலை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

அந்த வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்த கதை எனக்கும் சாலைக்கும் மட்டும் தெரியும். நாற்பது நிமிஷ வழிக்கு மூன்று மணி நேரம் ஆனது. இருபத்துமூன்று அடி நீளத்தை வைத்துக்கொண்டு திரும்பவேண்டிய இடங்களில் திரும்பத் தைரியம் வரவில்லை. அதனால் நேராகவே போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுத் தபால்பெட்டியைச் சாய்த்துவிட்டு, வீட்டின் மேற்குப் பக்கக் காலி இடத்தில் வண்டியை மூக்கு முன்னால் போக நுழைத்து நிறுத்தினேன். இறங்கியதும் சாவியை அவள் கையில் திணித்துவிட்டு நேரே போய்ப் படுத்துக்கொண்டேன். மறுபடி வெளியே எடுக்கவேண்டுமானால் ரிவர்ஸில்தான் வரவேண்டும். லிஃப்டில் எங்கே இருக்கிறது ரிவர்ஸ் கியர்?

எட்டு மாதம் சமாளித்தேன். மழை என்றேன். டயர் என்றேன். இடுப்பு என்றேன். அவள் ஒவ்வொரு முறையும் என் முகத்தை ஒரு நொடி பார்ப்பாள், "சரி" என்பாள், போய்விடுவாள். கையிருப்புச் சாக்குகள் தீர்ந்துகொண்டிருந்த சமயத்தில்தான் வெயில் வந்து கைகொடுத்தது.

மேற்கு வெயில் நேராக வண்டிமேல் விழுந்தது. உள்ளே கால் வைக்க முடியவில்லை. ஜன்னல் ரப்பர் இளகித் தொங்கியது. திரைச்சீலை நிறம் மாறி வெளுத்தது. அலமாரியில் அவள் ஆசையாய் வாங்கி வைத்த மெழுகுவர்த்தி இரண்டும் மரியாதையாகக் குனிந்து நின்றன. இப்படியே விட்டால் வண்டி வீணாகிவிடும் என்று அவள்தான் முதலில் சொன்னாள். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முதலில் நிழல், அப்புறம்தான் ஊர் சுற்றல் என்றேன். தகரக் கொட்டகை போடலாமே என்றாள். தகரம் சூட்டை வாங்கி வண்டிமேலேயே இறக்கும், செடிதான் குளுமை என்று அரை மணி நேரம் பேசினேன். அப்போதும் என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். "சரி, நடுங்க" என்றாள்.

நாற்றுப்பண்ணைக்காரம்மா நல்லவள். பத்தடி உயர வண்டிக்கு நிழல் வேண்டும் என்று கேட்டதும், ஒரே வருஷத்தில் வண்டியை மூடிவிடும் என்று மூங்கிலைக் காட்டினாள். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன்.

"இதைவிட மெதுவா வளர்றது ஏதாவது இருக்கா?"

"எவ்வளவு மெதுவா?"

"வெட்கப்படற அளவுக்கு."

அவள் தொழிலில் இப்படி ஒருவரும் கேட்டதில்லையாம். பின்பக்கம் கூட்டிப்போய் ஊசி ஊசியாய் இலையுள்ள ஒரு ஜாதியைக் காட்டினாள். உயரமாகத்தான் போகும், ஆனால் பத்தடியைத் தொட நாலு வருஷம் பிடிக்கும் என்றாள். எனக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது. இருபத்துநாலு கன்று வாங்கினேன். ஒவ்வொன்றும் என் முழங்கால் உயரம். முதல் வருஷம் முழுக்க இரண்டு வேளையும் தண்ணீர் விடவேண்டும், வெயில் காலத்தில் மூன்று நாள் தப்பினால் பிழைக்காது என்று எச்சரித்தாள். விடிந்தால் எழுந்து கொட்டாவி விடுகிறவனுக்குத் தண்ணீர் விடுவதா கஷ்டம்?

என் சாமர்த்தியம் அதோடு நிற்கவில்லை. மதில் ஓரமாகப் பதினெட்டு. மீதி ஆறும் வண்டிக்குப் பின்னால், தெருப்பக்கக் கேட்டுக்குக் குறுக்கே. முன்மதிய வெயில் அந்தப் பக்கமிருந்து வருகிறது என்று விளக்கம் சொன்னேன். வேர் பிடித்துவிட்டால் வண்டி வெளியே வர வழியில்லை. செடியை வெட்டினால் நிழல் போகும், நிழல் போனால் வண்டி போகும். எந்தப் பக்கம் பேசினாலும் நான்தான் ஜெயிப்பேன்.

அவள் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். ஒன்றே ஒன்று சொன்னாள். கேட் பக்கம் மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாய் போகிறதாம், அங்கே தோண்டக்கூடாதாம், ஆறையும் தொட்டியில் வைக்கவேண்டுமாம். நியாயம்தான். தொட்டி வாங்கி, மண் நிரப்பி, வரிசையாக வைத்தேன். தள்ளிப்பார்த்தேன், அசையவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

முதல் மாதம் முடிவில் அவள் வந்து நிழலை அளந்தாள். "சக்கரத்துல பாதி வரைக்கும் விழுது. இன்னும் கொஞ்ச நாள்ல நட்டு போல்ட்டெல்லாம் குளுகுளுன்னு ஆயிடும்" என்றாள். நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் செடிகள்மேல் எனக்கு நிஜமாகவே பாசம் வந்துவிட்டது. வேலை போனவனுக்கு வேலிதான் வேலை. காலையில் குழாய், மாலையில் குழாய், நடுவில் அளவு நாடா. லிஃப்ட் கம்பியை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்த கை அல்லவா? பதினாலாவது கன்று இளைத்துப்போனபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குச் சனிக்கிழமைக் காலைகளில் நடைப்பயிற்சி தொடங்கியது. இரண்டு மணி நேரம் நடப்பாள். வியர்வையே இல்லாமல் திரும்பிவருவாள். நல்ல உடம்பு என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரரும் அதே நேரத்தில்தான் தன் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். தெருவில் எல்லோரும் அவரைக் 'கிளட்ச்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் தபால்பெட்டியைச் சாய்த்தவன் நான். ஆகவே அவரைக் கண்டால் நான் செடியைப் பார்ப்பது வழக்கம்.

ஆறாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. தண்ணீர்க் குழாயோடு பின்கட்டிலிருந்து வந்தேன். கேட் திறந்திருந்தது. ஆறு தொட்டிகளும் ஓரமாக ஒதுங்கி நின்றன. கிளட்ச் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தள்ளுவண்டி பக்கத்தில் நின்றது. கேரவனின் ஸ்டீரிங்குக்குப் பின்னால் என் மனைவி. பக்கத்து சீட்டில் அவளுடைய அக்கா, மடியில் சாலை வரைபடம்.

"பெரிய வண்டி லைசென்ஸ் வந்து மூணு வாரம் ஆச்சு" என்றாள் மனைவி, ஜன்னல் வழியாக. "பட்டியல்ல முதல் நாலு இடம். ஒன்பது நாள். நீங்களும் வர்றீங்களா? படுக்கை மூணு இருக்கு."

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். அதுதான் என்னைத் தடுமாற வைத்தது. கையில் குழாய், எதிரே இருபத்துநாலு கன்று, தலைக்குமேலே வெயில்.

"செடிக்கு யாரு தண்ணி விடறது?" என்றேன்.

"அதான் நானும் யோசிச்சேன்" என்றாள்.

அப்புறம் குரலைத் தணித்து, அக்காவுக்குக் கேட்காதபடி, ஒரு விஷயம் சொன்னாள். அவள் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். வலிக்கிறது என்று வருகிறவன் யார், பயந்துபோய் வேறு நாள் கேட்கிறவன் யார் என்று வாசலிலேயே தெரிந்துவிடுமாம். "நீங்க வண்டியை விட்டு இறங்கின அன்னைக்கே தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு எட்டு மாசம் காத்திருந்தேன். நீங்க என்னடான்னா நாலு வருஷம் கேட்டீங்க. நாற்றுப்பண்ணைக்காரம்மாவுக்கு நம்ம கிளினிக்லதான் பல் கட்டினாங்க."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவன் வேறு என்ன செய்யமுடியும்? வழி விட்டு நின்றேன்.

வண்டி பின்னால் நகர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது தெருவில் நின்றது. எந்தத் தபால்பெட்டிக்கும் சேதமில்லை. கிளட்ச் கை தட்டினார். ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் தட்டத் தோன்றியது. ஒரு கையில் குழாய் இருந்ததால் தொடையில் தட்டிக்கொண்டேன். அவள் கையசைத்தாள், முனையில் திரும்பினாள், திரும்பவேண்டிய இடத்தில் சரியாகத் திரும்பிப் போனாள்.

ஆனாலும் நான் சோர்ந்துபோகவில்லை. ஒன்பது நாள். வீடு முழுக்க என் ராஜ்ஜியம். எனக்குப் பிடித்த நேரத்தில் தூங்கலாம், எனக்குப் பிடித்ததைப் பார்க்கலாம், பேச்சுக் கொடுக்க ஆள் கிடையாது. தோற்றவன் போல நின்று ஜெயித்தவன் நானாகத்தான் இருக்கவேண்டும் என்று யோசித்து, நாற்காலியைப் பதினாலாவது கன்றுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். அப்போது போன் அடித்தது. அவள்தான். முதல் பெட்ரோல் பங்கில் நிற்கிறார்களாம். வண்டி வெண்ணெய் மாதிரி போகிறதாம்.

"சொல்ல மறந்துட்டேன்" என்றாள். "அக்கா வீட்டுக்காரர் பெட்டியோட கிளம்பிட்டார், பத்து நிமிஷத்துல அங்க வந்துடுவார், அவருக்கும் சமைக்கத் தெரியாது."