கலியபெருமாள் கேபின் பிடித்த காதை

தென்னாற்காட்டுச் சேற்றில் வழுவாது நடந்த கால்களை டொராண்டோ உறைபனியில் நாள்தோறும் வழுவவிட்டு, விழுந்த இடத்திலேயே ஏதோ தேடுவான் போலச் சற்றுநேரம் குனிந்திருந்து, கண்டார் எவருமிலர் எனத் தெளிந்தபின் எழுந்து நடக்கும் தளராத் திண்மையன், பகலெல்லாம் கழிவுநீர்க் குழாய்களின் வரைபடம் வரைந்து, மாநகரின் அடிவயிற்றைக் காக்கும் கோல்வல்லான், டோர்செட் பார்க் அடுக்குமாடிக் கோட்டையின் ஒன்பதாம் தளத்து மன்னன், கார் இல்லாதவன், கலியபெருமாள் என்னும் திருநாமத்தான். அன்னவன் புகழைப் பாடப் புகும் நமக்கு வடதிசைப் பனிக்கடவுளும் தொலைபேசிக் கம்பியில் உறையும் தேவியும் துணைநிற்பாராக.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டின் தை மாதத்தில் இப்பெரும்போர் மூண்டது. அதற்கு வித்திட்டது சமையலறையில் தொங்கிய ஒரு நாட்காட்டி. அதில் ஒரு மலைக்கிராமம்: சரிந்த மரக்கூரைகள், ஊசிக்கோபுரத்துடன் ஒரு தேவாலயம், பின்னே வெண்சரிவில் பலகைகளைக் காலில் பூட்டி மிதந்துவரும் மாந்தர். மணமுடித்து வந்து சில மாதங்களே ஆகியிருந்த வனஜா, குப்பையை எங்கே போடுவது என்பதைத் தவிர இந்நாட்டில் அதுவரை எதையும் கேட்டறியாதவள், அன்று கேட்டாள்.

"ஏங்க, இந்த ஊரு பக்கத்துலயா இருக்கு?"

"அது சுவிட்சர்லாந்து. இதே மாதிரி ஒண்ணு இங்க வடக்கயும் கட்டி வச்சிருக்கான்."

"போலாமா?"

மனையாள் முதன்முதலாய் வாய்திறந்து வேண்டிய வரம். வேந்தன் நெஞ்சு விம்மியது. வரும் சனிக்கிழமையே அவளை அச்சரிவில் நிறுத்துவேன் எனச் சூளுரைத்தான். சூளுரைத்தபின்தான் தனக்குக் கார் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஆதலின் ஜெகதீசனை நாட வேண்டியதாயிற்று. இவனோ பாதி கப்பலும் பாதி கட்டிலுமாய் நீண்ட ஸ்டேஷன் வேகன் காரின் அதிபதி; வனஜா வந்த புதிதில் எல்லோரையும் அதில் ஏற்றி நயாகரா அருவி காட்டிவந்தவன். முன்னொருகால் பனிச்சரிவின் அடிவாரத்தில் அரைமணி நேரம் நின்று சூடான கோக்கோ பருகிய ஒரே காரணத்தால், அக்கலையின் ஆழங்கண்ட ஆசான் எனத் தன்னைத் தானே மதித்தவன். மனைவி சாந்தாவுடன் அவனும், எவ்வீட்டில் சோறு வெந்தாலும் மணமறிந்து வந்துவிடும் ஆராய்ச்சி மாணவன் சுந்தரராஜனும் ஒன்பதாம் தளத்தில் கூட, பேரவை தொடங்கியது. தொடங்கிய மறுகணமே இரண்டாகப் பிளந்தது.

"ஸ்கீயிங்னா லாட்ஜ்லதான் தங்கணும். கணப்புப் பக்கத்துல உக்காரணும்," என்று முழங்கினான் ஜெகதீசன். "ரசம் வைக்கிறதுக்கு எதுக்கய்யா அவ்வளவு தூரம் போகணும்?"

"அடுப்பு இருக்கிற கேபின்தான் வேணும், தனி மரவீடு," என்று எதிர்முழங்கினான் நம் தலைவன். "சோறு இல்லாம என்னால வழுக்கி விழ முடியாது சார்."

"ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்," என்றான் சுந்தரராஜன், மூன்றாவது வடையை எடுத்தபடி.

பாரதப் போரில் இருதரப்புச் சங்கங்களும் ஒருங்கே ஒலித்ததுபோல் அவ்வறை அதிர்ந்தது. கீழ்த்தளத்தார் கழியால் கூரையை இடித்தனர். "எனக்கு பிரெட் போதுங்க," என்றாள் வனஜா. அவ்வொரு சொல்லால் போர் முடிந்திருக்கும். ஆயின் அது முடிவதை விரும்பியோர் அவ்வவையில் அவளன்றி வேறெவருமிலர். இறுதியில், எவன் முதலில் இடம் பிடிக்கிறானோ அவன் சொன்னதே சட்டம் என்று உடன்படிக்கை ஆயிற்று.

மறுநாள் மாலை கலியபெருமாள் தொலைபேசி முன் அமர்ந்தான். குழாய்களைப் பற்றி எத்துணை ஆங்கிலம் வேண்டினும் பொழியவல்ல அந்நாவு, முகம் தெரியாத ஒரு மங்கையின் குரல் கேட்டதும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு கேபின் மிச்சம் என்றாள் அவள். அடுப்பு உண்டு என்றாள். பெயர் என்ன என்றாள்.

அலுவலகத்தில் அவனுக்குக் கார்ல் என்று பெயர். அதைச் சொல்லியிருந்தால் போர் இமைப்பொழுதில் முடிந்திருக்கும். ஆனால் அருகே முழங்காலைக் கட்டிக்கொண்டு வனஜா அமர்ந்திருந்தாள்; அவளுக்கு அந்தக் கார்லைத் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்று ஏனோ அவனுக்குத் தோன்றியது. மார்பை நிமிர்த்தி, முழுப்பெயரையும் ஒரே நாணில் தொடுத்து எய்தான்.

மறுமுனை எழுத்துக் கூட்டச் சொன்னது.

"கே ஃபார் கடலூர்," என்று தொடங்கியது படையெடுப்பு. ஏகாரங்களும் எல்லுகளும் காலாட்படையாய் அணிவகுத்தன. பாதிவழியில் பேரிடர். பெருமாளின் முதலெழுத்து இந்தப் பி-யா, அந்தப் பி-யா என்று வினவினாள் மங்கை. தமிழ் நெடுங்கணக்கில் ஒரே பகரத்துள் ஓருயிராய் வாழும் இரு ஒலிகளையும் தன் நாவால் பிரித்துக்காட்ட அவன் பட்ட பாட்டை என்னென்பது. ஊதினான், உதட்டை வெடித்தான், நெற்றி வியர்த்தான்.

"பி ஃபார் பெருமாள்," என்றான் கடைசியில், வேறு வழியறியாது.

அவள் சிரித்துவிட்டாள். ஏளனச் சிரிப்பன்று. மிச்சத்தை நிதானமாகச் சொல்லுங்கள் என்றாள். சொன்னான். கேபின் அவனுடையதாயிற்று. ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பியபோது வனஜாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்நாட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்து அவன் கண்டதில்லை. மேருவை வில்லாய் வளைத்தவனுக்கும் இத்துணைக் களிப்பு வாய்த்திராது.

வெள்ளி மாலை ஜெகதீசன் வந்தான். வெற்றிச் செய்தியைச் செவிமடுத்தான்.

"கேபின் யார் பேர்ல?"

"என் பேர்ல."

அப்பேரதிபதியின் முகத்தில் கருமேகம் திரண்டது. சன்னலருகே சென்று, தொலைவில் கீழே நின்ற தன் நெடுந்தேரை நெடுநேரம் நோக்கினான். குழுவின் தலைமை கைநழுவியபின் ஒரு மாவீரனுக்கு எஞ்சுவன நான்கு சக்கரங்களே அன்றோ.

"டயர் தேஞ்சிருக்கு," என்றான். "வடக்க மலைப்பக்கம்லாம் ஏறாது."

"நேத்து வரைக்கும் ஏறும்னீங்க."

"நேத்து பாக்கல. சமதரைன்னா பிரச்சினை இல்ல. கெளம்பலாம்."

"ரெண்டுமே யோசிக்க வேண்டிய விஷயம்தான்," என்றான் சுந்தரராஜன்.

கலியபெருமாளின் விழிகள் தீயுமிழ்ந்தன. நாவு வாளாய்ச் சுழல எழுந்தது. பேருந்தேறிப் போவோம், நடந்தே போவோம் என ஆயிரம் வஞ்சினங்கள் தொண்டைவரை திரண்டன. ஆனால் வனஜா புதுக் கம்பளிக் காலுறையை அணிந்து, கோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். எங்கே என்று அவள் கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டாள்.

சனிக்கிழமை எல்லோரும் மறுபடியும் நயாகராவுக்குப் போனார்கள்.