பண்பாடு மற்றும் இடுகாட்டுப் பிரிவு

மனித குலம் இதுவரை கண்ட நகரங்களிலேயே, இன ஒற்றுமையில் எங்கள் நகரத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. நகராட்சியே இப்படிச் சொல்லும்போது நாம் யார் மறுப்பதற்கு? சொன்னதோடு நில்லாமல், 'பன்முகப் பெருமக்கள் கூடம்' என்று ஒன்றையும் கட்டி முடித்துவிட்டார்கள். ஊரில் எத்தனை இனத்தார் உண்டோ, ஒவ்வொருவருக்கும் ஒரு பெருமகன், ஒரு படம், ஒரே அளவுச் சட்டம். பொறாமை வந்துவிடக் கூடாதே என்று ஓவியரிடம் சொல்லி எல்லாருடைய மீசையையும் சமப்படுத்தியிருந்தார்கள். மீசையே இல்லாத ஒரு பாடகி மட்டும் எப்படியோ தப்பித்தார்.

நுழைவாயில் சுவருக்குப் பல் டாக்டரின் படம் என்று முடிவானது. அங்கேதான் வம்பு வந்தது.

டாக்டரின் அப்பா மலைக்காரர். அம்மா கப்பல்காரர் வீட்டுப் பெண். அவர் கட்டிக்கொண்டதோ ஆற்றங்கரைக்காரப் பெண்ணை. மூன்று இனத்தாரும் பிழைப்புத் தேடி மூன்று திசையிலிருந்து வந்து, ஆளுக்கொரு தெருவையும் ஆளுக்கொரு இடுகாட்டையும் பிடித்துக்கொண்டவர்கள். பல்வலி என்றால் மட்டும் மூன்று தெருவும் டாக்டர் வாசலில் வரிசையில் நிற்கும். ஊரின் முதல் பல் ஆஸ்பத்திரி அது. இல்லாதவர்களிடம் 'வாயைத் திற' என்பதைத் தவிர டாக்டர் வேறெதையும் கேட்டதில்லை. அவர் உயிரோடு இருந்தவரை எந்த இனமும் அவரை 'எங்க ஆளு' என்று சொல்லிச் சங்கடப்படுத்தியதுமில்லை. அவர் இறந்த அன்று மனைவியும் மகளும் மூன்று கதவைத் தட்டினார்கள். மூன்றிலும், அடுத்த கதவைத் தட்டும்படி அன்போடு வழிகாட்டினார்கள். கடைசியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், 'யாரும் உரிமை கோராதோர் நிலம்' என்று நகராட்சி ஒதுக்கியிருந்த இடத்தில் அவரைப் புதைத்தார்கள்.

டாக்டரின் மனைவிக்கு, ஊர் வாயில் டாக்டரம்மாவுக்கு, இப்போது இதயம் ஓய்ந்துகொண்டு வந்தது. இனி வைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு இருந்தது ஒரே ஆசை: புருஷன் பக்கத்தில் ஓர் இடம். அதற்காகப் பண்பாடு மற்றும் இடுகாட்டுப் பிரிவுக்கு நடையாய் நடந்தார். ஆம், பண்பாட்டுக்கும் இடுகாட்டுக்கும் எங்கள் நகராட்சியில் ஒரே அதிகாரிதான். மேசையின் ஒரு பக்கம் கூடத்தின் அட்டை மாதிரி வடிவம், மறுபக்கம் இடுகாட்டுச் சாவிக்கொத்து.

"அந்த நிலம் யாருமே இல்லாதவங்களுக்கும்மா" என்பார் அதிகாரி. "உங்களுக்குத்தான் மூணு இனம் இருக்கே! பொறந்த வீடு ஒண்ணு, மாமனார் வழி ஒண்ணு, மாமியார் வழி ஒண்ணு."

"அந்த மூணும் எங்களை எப்பவோ தலைமுழுகிட்டாங்க சார்."

"அதை அவங்க இல்ல சொல்லணும்? மூணு தலைவர்களும் என் முன்னாடி வந்து 'இவங்க எங்களவங்க இல்லை'ன்னு சொல்லட்டும், அப்பவே இடம் தர்றேன். ஆனா அப்படிச் சொல்ற கல்நெஞ்சக்காரங்க நம்ம ஊர்ல ஏது?"

தலைவர்களோ டாக்டரம்மாவைக் கண்டாலே எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார்கள்.

திடீரென்று ஒரு நாள் அதிகாரியே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு போன டாக்டரம்மாவுக்கு வழக்கமான வாசல் பெஞ்சு இல்லை. உள்ளே மெத்தை நாற்காலி, தேநீர், பிஸ்கட்.

"என்னடி, உபசாரம் பலமா இருக்கு? நான் போயிட்டேனா?" என்று மகளிடம் கேட்டார்.

"சும்மா இரும்மா. பிஸ்கட்டைச் சாப்பிடு."

எதிரே மூன்று தலைவர்களும் முறைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நுழைவாயிலில் எந்த இனத்தவர் படமோ, அந்த இனத்தின் தலைவர்தான் திறப்பு விழாவில் நாடா வெட்டுவார் என்று அறிவித்திருந்தார்கள். கத்திரிக்கோலுக்கு முன்னால் யார்தான் பந்தபாசத்தை அடக்க முடியும்?

"அப்பா வழிதாங்க ரத்தம். அவரு எங்க ஆளு" என்றார் மலைக்காரர் தலைவர்.

"பத்து மாசம் சுமந்தது யாரு, உங்க மலையா?" என்று பாய்ந்தார் கப்பல்காரர் தலைவி. "எங்க பொண்ணு பெத்த பிள்ளை. எங்க ஆளு!"

ஆற்றங்கரைக்காரர் தலைவர் டாக்டரம்மாவுக்குப் பெரியப்பா மகன். அவர் கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசாதவர். இப்போது குரல் தழுதழுக்கப் பேசினார். "என் தங்கச்சி புருஷன்யா! எனக்கு மச்சான்! மச்சானுக்கு நான் நாடா வெட்டாம யாரு வெட்டுறது? சொல்லேன் தங்கச்சி!"

மூவரும் பல்லைக் கடித்தார்கள். அந்தப் பற்களில் பாதி, டாக்டர் கட்டிக் கொடுத்தவை.

"படத்துக்குக் கீழ நாலு மாசத்துக்கு ஒரு தடவை இனத்தோட பேரை மட்டும் மாத்தி மாட்டலாமா?" என்று ஒரு யோசனையை எடுத்துவிட்டார் அதிகாரி.

"முதல் நாலு மாசம் யாருது?" என்று மூன்று குரல்கள் கேட்டன.

டாக்டரம்மா தேநீரைக் கீழே வைத்தார். "சண்டை எதுக்கு? சரி, யாரு அவரைக் கூட்டிட்டுப் போறீங்க?"

"எங்கேம்மா?"

"உங்க இடுகாட்டுக்கு. இவ்வளவு பெரிய மனுஷன், உங்க ஆளு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கிடக்கலாமா? அவருக்கு ஒரு குழி, பக்கத்துல எனக்கு ஒண்ணு. யாரு தர்றீங்களோ, அவரு அவங்க ஆளு. படமும் நாடாவும் அவங்களுக்கே."

அந்த நொடியில்தான், மூவருக்குள்ளும் அதுவரை உறங்கிக்கிடந்த பெருந்தன்மை சோம்பல் முறித்து எழுந்தது.

"நம்ம ஆசைக்காக அவரை ஒரு சின்ன வட்டத்துல அடைக்கலாமா?" என்றார் மலைக்காரர் தலைவர்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்!" என்றார் தலைவி. "அவரு மனித குலத்துக்கே சொந்தம். எங்க ஆளுன்னு சொன்னா எங்களுக்குத்தான் பாவம்."

"அப்ப நான்?" என்று டாக்டரம்மா அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இந்த அம்மா வெளியில கட்டிக்கிட்டு போன அன்னிக்கே எங்களுக்கும் இவங்களுக்கும் ஒண்ணுமில்லைன்னு ஆயிடுச்சு சார்."

தங்கச்சி 'இந்த அம்மா' ஆகி, நீ 'இவங்க' ஆகிவிட்டதை மகள் கவனித்தாள். எழப் போனவளின் கையை டாக்டரம்மா அழுத்திப் பிடித்தார்.

"அப்ப அவரும் சரி, நானும் சரி, உங்க யாரோட ஆளும் இல்லை?"

"இல்லவே இல்லை!" என்றார்கள் மூவரும்.

"சார், காதுல விழுந்துச்சா?"

அதிகாரி சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார். "விழுந்துச்சும்மா."

திறப்பு விழா வெகு சிறப்பாக நடந்தது. பல் டாக்டர், 'அனைவருக்கும் பொதுவானவர்' என்ற பட்டத்தோடு நுழைவாயிலில் சிரித்தார். ஒரே நாடாவை மூன்று கத்திரிக்கோல்கள் ஒரே நொடியில் வெட்டின. டாக்டரம்மாவைத் தாங்கி மேடையேற்றி, நகரத்தின் ஒற்றுமையைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"எனக்கு அவர் பக்கத்துலயே இடம் கிடைச்சிருச்சு" என்றார் மூச்சு வாங்கியபடி. "வாங்கிக் குடுத்தது இதோ இந்த மூணு பேரும்தான். ரெண்டு பேரு சொல்லி ஒருத்தர் மறுத்திருந்தாக்கூட கிடைச்சிருக்காது. மூணு பேரும் ஒத்துமையா, ஒரே குரல்ல சொன்னாங்க."

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். மூன்று தலைவர்களும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். தொகுப்பாளினிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒலிவாங்கியை இன்னும் கிட்டே கொண்டு வந்து, "அப்படி என்னம்மா சொன்னாங்க? எல்லாரும் கேக்கட்டும்!" என்றாள்.

"'இவங்க ரெண்டு பேரும் எங்க ஆளு இல்லை'ன்னு சொன்னாங்கம்மா."