பிஸ்கட் டின்னும் மோப்பம் அண்ணனும்

உங்கள் நிழலிடம் என்றைக்காவது அடையாள அட்டை கேட்டிருக்கிறீர்களா? மோப்பம் அண்ணன் கேட்கக்கூடிய ஆள். இலங்கைத் தீவில் அவரை விடப் பெரிய சந்தேகப் பிராணி பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் அவர் நம்பமாட்டார், பிறப்புச் சான்றிதழைக் காட்டச் சொல்வார்.

பேராதனை வீதியில் எங்கள் போர்டிங்கில் அடுத்த அறைக்காரர். யாழ்ப்பாணத்து மனிதர், பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து முகர்ந்துவிட்டுத்தான் சாப்பிடுவார். தேத்தண்ணீரை முகர்வார். வாடகைக்கு மீதி கொடுத்தால் நோட்டையும் முகர்வார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை அவர் யாருக்கும் சொன்னதில்லை. "பேர் தெரிஞ்சு என்ன செய்யப்போறாய்?" என்பார். நியாயமான கேள்விதான். சண்டை நடக்கிற இந்த நாட்டில், தமிழ்ப் பெயரைச் சொன்னதுமே நம்மை மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் கம்ப்யூட்டரில் சுடுகிற கேம் போட்டால் எதிரி ஒரு காலைத் தூக்கி மற்றக் காலை வைப்பதற்குள் நான் போய்க் குளித்துவிட்டு வரலாம். போர்டிங் பயல்கள் "இது கேமா, ஸ்லைட் ஷோவா?" என்று கேலி. ஒரு கிராபிக்ஸ் கார்ட் வாங்காமல் மானம் மீளாது. அக்குறணையில் நல்ல கடை இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினால், வாசலில் மோப்பம் அண்ணன் சேர்ட் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

"நானும் வாறன். உன்ர முகத்தைப் பாத்தா எவனும் ஏமாத்துவான்."

கடைக்காரர் முஸ்லிம் அண்ணன், எங்கள் பக்கத்து வழக்கப்படி நானா; நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே இரண்டு கார்ட்களை மேசையில் வைத்தார்.

"ஏன் சிரிக்கிறியள்?" என்றார் அண்ணன்.

"சும்மா தான் தம்பி. யாவாரத்துல சிரிக்காம என்ன செய்ற?"

அண்ணன் முதல் கார்டைக் கையில் எடுத்து முகர்ந்தார். பிறகு இரண்டாவது. "பாவிச்சதெண்டா சூடான தூசி மணக்கும்" என்று எனக்கு விளக்கம் வேறு. திருகாணித் தலைகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். நானாவின் சிரிப்பு மெதுவாக வடிந்தது.

நான் மெமரி எவ்வளவு என்று கேட்டேன். அண்ணனுக்கு அதெல்லாம் அக்கறையில்லை. அவருடைய கேள்விகள் வேறு.

"இதில எத்தனை விசிறி?"

"ரெண்டு. நல்லாக் கூலா ஈக்கும்."

"வேண்டாம். ஒரு விசிறிக்கே கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில ஆமிக்காரனுக்கு விளக்கம் குடுக்கேலாது. வயரைக் கண்டா குண்டெண்டுவினம், வயர் இல்லாததை எடு தம்பி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் கார்ட் தெரிவு செய்வது கேமுக்கு அல்ல, சோதனைச் சாவடிக்கு! கடைசியில் ஒற்றை விசிறிக் கார்ட் முடிவானது. நானா அதைப் பெட்டியோடு நீட்டினார். பெட்டியில் புலிவரிப் பச்சை உடுப்பில் ஒருவன் பெரிய துவக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

அண்ணனின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "உதைத் தூக்கிக்கொண்டு நானும் நீயும் பஸ்ஸில போறதோ? விசரே?"

"அண்ணே, அது கேம் படம். எல்லாருக்கும் தெரியும்."

"உனக்குத் தெரியும். கேக்கிறவனுக்குத் தெரியுமோ?"

பெட்டி கடையிலேயே நின்றுவிட்டது. நானாவின் மேசையில் கிடந்த பிஸ்கட் டின்னை அண்ணன் கேட்டு வாங்கினார். அடியில் கார்ட், அதன்மேல் ஒரு கடதாசி, அதற்கும் மேலே இரண்டு வரிசை கிரீம் கிராக்கர். "இனி ஆரும் ஒண்டும் கேக்கமாட்டினம்" என்று மூடியைத் தட்டினார். ஒளிக்காமல் கையிலேயே கொண்டுபோவோம் என்றேன். ஆனால் அவரிடம் வாதாடி ஜெயித்தவன் எங்கள் போர்டிங்கில் கிடையாது.

பாலத்தடியில் வழக்கம்போல எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கிப் பையோடு வரிசையில் நடந்தோம். பஸ் அந்தப் பக்கம் போய்க் காத்து நின்றது. அண்ணன் அடையாள அட்டையை நீட்டினார். யாழ்ப்பாணம் என்று படித்ததும் சிப்பாய் டின்னைத் திறக்கச் சொன்னார்.

ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். அண்ணன் என்னைப் பெருமையாகப் பார்த்தார். சிப்பாய் இன்னொன்று எடுத்தார். கடதாசி விலகியது. விசிறி எட்டிப் பார்த்தது.

"மே மொகத்த?" என்றார் சிங்களத்தில். இது என்ன?

"பிஸ்கட்" என்றார் அண்ணன்.

நாலு துவக்குகள் திரும்பின. வரிசை பின்னால் ஓடியது. யாருடையது என்று கேள்வி வந்தது. நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் காலை மிதித்த மிதியில் நகம் போயிருக்கும்.

"மகே" என்றார். என்னுடையது. என்னைக் காட்டிக் கேட்டபோது, இந்தப் பொடியனைத் தெரியாது என்று தலையாட்டினார்.

தன் செருப்பைக்கூடத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாத மனிதர்! இந்தக் காலத்தில் உள்ளே போகிறவன் எப்போது வெளியே வருவான் என்று யார் சொல்ல முடியும்? அவரைக் கூட்டிக்கொண்டு போய் மணல்மூட்டைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

நான் அந்நியன் மாதிரி நடந்து, எதிரே வந்த பஸ்ஸில் தொற்றி அக்குறணைக்குத் திரும்பினேன். சொல்லி முடிப்பதற்குள் நானா கடையைச் சாத்திவிட்டார். "யா அல்லாஹ், பிஸ்கட் டின் கேக்க சொல்லயே எனக்கு வெளங்கி ஈக்கணும். ஏறுங்க மகன்!" மோட்டார் சைக்கிளில் அவர் முன்னால், துவக்குக்காரன் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நான் பின்னால்.

அதிகாரி பெட்டியிலிருந்த கார்டின் படத்தைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். பிறகு துவக்குக்காரனைப் பார்த்து வெடித்துச் சிரித்தார். "கேம் கார்டா? என் மகனிடமும் இருக்கிறது. முதலே இந்தப் பெட்டியோடு வந்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அண்ணனை விட்டுவிட்டார்.

வெளியே வந்த அண்ணன் செய்த முதல் வேலை, டின்னுக்குள் பார்த்தது. "ரெண்டு பிஸ்கட் குறையுது." அடுத்தது, நானா போனதும் என் காதில்: "இந்த ஆள் ஏன் இவ்வளவு கெதியா வந்தவர்?"

"அண்ணே, ஏன் உங்களோடதுன்னு சொன்னீங்க?"

"நீ படிக்கிற பொடியன், உனக்குச் சோதனை வருதெல்லே. நான் எப்பிடியும் சந்தேகப் பேர்வழிதானே, எனக்கென்ன."

கார்ட் அருமையாக ஓடுகிறது. அண்ணன் வேலை மாறிக் கொழும்புக்குப் போய்விட்டார். மாதத்துக்கொரு சிம் மாற்றுவார், புது நம்பரிலிருந்து எடுத்து, பெயர் சொல்லாமல், "கார்ட் சுடுதோ? முகர்ந்து பார்" என்பார். போன மாதம் அழைப்பு வரவில்லை. கேம் போட்டால் எனக்குக் கை ஓடவில்லை.

போன் அடிக்கிறது. தெரியாத நம்பர்.