ஸ்பீக்கர் பெட்டிக்குள் டைகர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உரக்கடையில் பில் போடுகிற ஆளுக்குப் பத்திரிகையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்டால் அது நியாயம்தான். பத்தாவதோடு என் படிப்பு நின்றது. பேச்சும் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட்டது. பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூடச் சத்தம் போட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடத்தில் கூடவே இறங்கி, திரும்பி நடந்து வருகிறவன். ஆனாலும் மைக்செட் அண்ணனைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். அவரே எழுதமாட்டார். எழுதினால் சத்தம் கேட்காது.

தர்மபுரி ஜில்லாவிலேயே, மைக் இல்லாமல் மைக்கில் பேசக்கூடிய ஒரே மனிதர் அவர்தான்.

மொரப்பூரில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் ஒலிபெருக்கி அவருடையது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அதைப் பார்த்ததில்லை. தொழில் அவருக்குள் எவ்வளவு தூரம் இறங்கிவிட்டது என்றால், வாயைத் திறப்பதற்கு முன் காற்றில் இல்லாத ஒரு மைக்கை விரலால் தட்டி, “ஃபூ... ஃபூ...” என்று ஊதிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

“ஃபூ... ஃபூ... சர்க்கர கம்மியா ஒரு டீ!” என்று அவர் சொன்னால் எதிர்ச்சாரியில் இருக்கும் டீக்கடையிலும் ஒரு டீ போடுவார்கள்.

டாக்டரிடம் போய் எங்கே வலி என்று சொன்னபோது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அதற்கு ஒரு கஷாயம் சொல்லிவிட்டார். ஒருமுறை என் காதருகே குனிந்து, “தம்பி, ரகசியம். உங்க அக்காளுக்கு ஒரு செயின் வாங்கியிருக்கேன். யாருக்கும் தெரியக் கூடாது” என்றார். அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அவர் மனைவி வாசலில் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அது இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் வீட்டுக்கு டைகர் வந்தது. மாடியில் குடியிருந்த பேங்க் ஆபீசருக்கு வெளியூர் மாற்றலாகிவிட்டது. “ஒரு வாரம் பாத்துக்குங்க சார், அங்க வீடு பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லி, சங்கிலியை என் கையில் கொடுத்தார். சரிங்க சார் என்றேன். பிறகு போன் பண்ணி, புது வீட்டுக்காரர் நாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கும் சரிங்க சார் என்றேன். வேறு ஏதும் சொல்ல எனக்கு வராது.

டைகர் கைக்குழந்தை இல்லை. பல் விழுந்து முளைத்து, கால் நீண்டு, ஆளாகிக்கொண்டிருந்த குட்டி. ஆனால் மாடியை விட்டு இறங்காமல், விரித்துப் போட்ட செய்தித்தாளில் காரியத்தை முடித்தே வளர்ந்திருந்தது. மண்ணைத் தொட்டதில்லை. புல்லில் கால் பட்டால் சுடுகிற மாதிரி தூக்கிக்கொள்ளும். ஓணானைக் கண்டால் என் காலுக்குப் பின்னால் வரும். பேர் டைகர்.

வெளியே போவது எதற்கு என்பதே அதற்குத் தெரியவில்லை. காலையில் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போவேன். மரத்தைப் பார்க்கும், போகிற வண்டியைப் பார்க்கும், என்னைப் பார்க்கும். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்ளும் போல. எல்லாம் பார்த்து முடித்து வீட்டுக்குள் நுழைந்ததும், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் போய் நிம்மதியாகக் காலைத் தூக்கும்.

என் மனைவி ஸ்டெல்லா அங்கன்வாடி டீச்சர். “மூணு வயசுப் பிள்ளைங்களே வெரலக் காட்டிட்டு வெளிய போவுதுங்க. இவ்ளோ பெரிய எருமைக்குத் தெரியலியா?” என்று பினாயிலை ஊற்றுவாள். நாங்கள் சர்ச்சுக்குப் பினாயில் வாசனையோடு போய்வந்த நாட்கள் அவை.

கடைசியில் ஒருநாள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஏங்க, மாதா கோயில் திருவிழாவுக்கு எங்கண்ணன் குடும்பத்தோட வருது. அதுக்குள்ள இது திருந்தணும். வூட்டுக்குள்ள ஒரு சொட்டு விழுந்தாலும் சரி, அண்ணங்கூட கம்பைநல்லூருக்கு அனுப்பிருவேன். தோப்புல காவலுக்குக் கெடக்கட்டும்.”

ஓணானுக்குப் பயந்த டைகர் மாந்தோப்பில் சங்கிலியோடு கிடப்பதை நினைத்துப் பார்த்தேன். அதற்குள் அது என் செருப்பின்மேல் தலை வைத்துத் தூங்கப் பழகியிருந்தது. கடைக்குக் கிளம்ப அதை எழுப்ப வேண்டுமே என்று வெறுங்காலோடு போன நாளும் உண்டு.

சுவருக்கு அப்பால் “ஃபூ... ஃபூ...” என்று கேட்டது.

“ஸ்டெல்லா! அவசரப்படாதம்மா! நானிருக்கேன்!”

அடுத்த நிமிடம் ஆளே வந்துவிட்டார், கையில் போனோடு. நாய் பழக்கும் வீடியோக்களை அன்று சாயங்காலம் முழுக்கப் பார்த்தார். நாங்களும், விருப்பமில்லாத நாலு வீட்டுக்காரர்களும் கேட்டோம். “தம்பி, மொதல்ல அதுக்கு ஒரு கூடு வேணும். படுத்துத் தூங்குற எடத்துல எந்த நாயும் அசிங்கம் பண்ணாதாம். கூட்டுல தூங்கணும். முழிச்சதும் நேரா மரத்தடி. தின்னதும் மரத்தடி. சரியாப் பண்ணுச்சுன்னா அந்த நிமிசமே கொஞ்சணும். தப்பாப் பண்ணுச்சுன்னா திட்டக் கூடாது, தொடச்சுட்டுப் பேசாம இருக்கணும்.”

“பேசாம இருக்கிறத யாரு சொல்றது பாருங்க” என்றாள் ஸ்டெல்லா.

முதலில் கறிக்கடையிலிருந்து ஒரு பழைய கோழிக்கூண்டைக் கொண்டுவந்தார். டைகர் அதற்குள் தூங்கவில்லை. அதை நக்கியது. பிறகு கடித்தது. கம்பியைத் தின்றுவிடுமோ என்று பயந்து திருப்பிக் கொடுத்தோம். அடுத்து தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் நாலைந்தைக் கயிற்றால் கட்டி வீடு மாதிரி செய்தார். டைகர் உள்ளே போய் ஒருமுறை சோம்பல் முறித்தது. வீடு தனியாக, கயிறு தனியாக வந்துவிட்டது.

மறுநாள் தள்ளுவண்டியில் வைத்து அவர் கொண்டுவந்தது ஒரு ஸ்பீக்கர் பெட்டி. ஆள் உயரத்தில் பாதி. உள்ளே ஸ்பீக்கர் கருகிப் போனது. அதைக் கழற்றிவிட்டு, முன்பக்கப் பலகையை எடுத்து, காற்று போகிற மாதிரி கம்பிவலைக் கதவு வைத்து, அடியில் பழைய கார்ப்பெட் போட்டிருந்தார். கல்யாண மண்டபத்தில் என்னைக் காதைப் பொத்தி ஓடவைத்த பெட்டிகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். டைகர் மோந்து பார்த்தது. உள்ளே போயிற்று. சுற்றிச் சுற்றி வந்து படுத்து, ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனது.

மைக்செட் அண்ணன் கண் கலங்கிவிட்டார். “எத்தன கல்யாணத்துல பாடுன பெட்டி தெரியுமா தம்பி! கடைசில ஒரு உசுரத் தூங்க வெக்குது.”

ஒருநாள் ஸ்டெல்லாவின் புதுச் செருப்பை டைகர் கடித்துவிட, அவள் அதைப் பிடித்துப் பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். சுவருக்கு அப்பாலிருந்தே குரல் வந்தது: “ஸ்டெல்லா! அது ஜெயில் இல்லம்மா, பெட்ரூமு! கோவத்துல உள்ள தள்ளுனா அப்புறம் அதுக்குள்ள போவாது. கதவத் தெறம்மா!” சுவருக்கு அப்பால் இருந்தவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் திறந்துவிட்டாள்.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. மரத்தடியில் நிற்கும்போது எப்போதும் ஒரே வார்த்தையைச் சொல்ல வேண்டுமாம். அந்த வார்த்தை கேட்டால் காரியம் நடக்க வேண்டுமாம். தெருவில் நின்று நாயிடம் பேச எனக்கு வாய் வருமா? அரை மணி நேரம் நின்றேன். டைகரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“தள்ளு தம்பி” என்று மைக்செட் அண்ணன் சங்கிலியை வாங்கினார். மரத்தைப் பார்த்தார். காற்றைத் தட்டினார். அவர் வாயில் வேறு என்ன வரும்?

“ஹலோ... மைக் டெஸ்ட்... ஒன்... டூ... த்ரீ...”

த்ரீக்கு டைகர் காலைத் தூக்கியது.

“தம்பீ!” என்று அவர் கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்கை எல்லாம் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டது. டைகரைத் தூக்கி வைத்துக் கொஞ்சினார். பிஸ்கட் கொடுத்தார். நானும் ஒரு பிஸ்கட் தின்றேன், சந்தோஷத்தில்.

அன்றிலிருந்து காலையில் எழுந்து, பெட்டிக் கதவைத் திறந்து, மரத்தடிக்குப் போய், மரத்தைப் பார்த்து மெதுவான குரலில், “ஹலோ, மைக் டெஸ்ட், ஒன் டூ த்ரீ” என்று சொல்வது என் வேலையாயிற்று. பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். “என்னாங்க சார், எலெக்சன்ல நிக்கப் போறீங்களா?”

வீடு காய்ந்தது. முதலில் ஃப்ரிட்ஜ் பக்கம், பிறகு கதவு மூலை. பினாயில் பாட்டில் குறையாமல் நின்றது. ஸ்டெல்லா இன்னமும் அதை எருமை என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் கோழிக் குழம்பு வைத்த நாளில் கழுத்துக் கறியைக் காணவில்லை. டைகர் உதட்டை நக்கிக்கொண்டிருந்தது.

திருவிழா வந்தது. மச்சான் குடும்பத்தோடு வந்து இறங்கினார். பெரிய உடம்பு, வெள்ளை வேட்டி, வாசற்படியை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். டைகர் பெட்டிக்குள் சமர்த்தாகப் படுத்திருந்தது.

“வூட்டுக்குள்ள ஒரு சொட்டு கெடையாதுண்ணா” என்றாள் ஸ்டெல்லா, தானே பழக்கினவள் மாதிரி.

கோயிலுக்கு ஒலிபெருக்கி மைக்செட் அண்ணன்தான். தெரு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். ஒன்று எங்கள் வேப்பமரத்திலேயே இருந்தது. அதன் அர்த்தம் எனக்கு அந்த நிமிடம்வரை உறைக்கவில்லை.

“ஹலோ... மைக் டெஸ்ட்... ஒன்... டூ...”

டைகர் எழுந்துவிட்டது. வாசலை அடைத்தபடி மச்சானின் வெள்ளை வேட்டி. மரம் வெளியே. டைகர் நேராக வேட்டியிடம் போய் நின்றது. மேலே பார்த்தது. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

காலைத் தூக்கவில்லை. மூக்கால் மச்சானின் முழங்காலைத் தள்ளியது.

“அண்ணா, கொஞ்சம் நவுருங்க! அவன் வெளிய போவணும்!” என்று கத்தினாள் ஸ்டெல்லா.

மச்சான் நகர்ந்தார். டைகர் தனியாக இறங்கி, மரத்தடிக்குப் போய், கடமையை முடித்து, திரும்பி வந்து பெட்டிக்குள் படுத்தது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் குழாயில் ஏதோ கோளாறு போல. திரும்பவும் “ஹலோ, மைக் டெஸ்ட்.” டைகர் திரும்பவும் எழுந்து போயிற்று. இன்னொரு டெஸ்ட். இன்னொரு தடவை. ஒன்றுமே மிச்சமில்லாவிட்டாலும் மரியாதைக்குக் காலைத் தூக்கி நின்றது.

மச்சான் வாயைப் பிளந்துவிட்டார். “மாப்ள! இது நாயா, ஆபீசரா? இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. இதப் போயி தோப்புலயா கட்டுவாங்க? என் வூட்டுக்கே கூட்டிட்டுப் போறேன். அந்தப் பெட்டியையும் நாளைக்கு வண்டில ஏத்திருங்க.”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். முன்பு கொடுத்துவிடுவதாகச் சொன்னவள் அவள்தான். இப்போது அவள் மறுக்க முடியாது. “ஏங்க, நீங்க சொல்லுங்க” என்றாள். அந்தக் குரல் வேண்டாம் என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சியது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கின் நுனியில் ‘சரிங்க மச்சான்’ வந்து நின்றது. கஷ்டப்பட்டு விழுங்கினேன். “டைகருக்குக் காத்து வாங்கணும்” என்று உளறிவிட்டு, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கால் தானாகக் கோயில் மைதானத்துக்குப் போயிற்று. மைக்செட் அண்ணன் பந்தலுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் முன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. வரிசையாக நின்ற ஸ்பீக்கர் பெட்டிகளை டைகர் ஒவ்வொன்றாக மோந்து, கதவு எங்கே என்று தேடியது.

“என்ன தம்பி, மொகம் வாடிக் கெடக்குது?”

“ஒண்ணுமில்லண்ணா.”

“சொல்லு. இங்க நாம ரெண்டு பேருதான்.” கையில் மைக் இருந்தது. திருவிழா நாளில் அவர் கையில் எப்போதும் மைக் இருக்கும், நான் அதைக் கவனிக்கவில்லை.

“மச்சான் டைகரக் கேக்குறாருண்ணா.”

“நீ என்னா சொன்ன?”

“காத்து வாங்கணும்னு சொன்னேன்.”

“மனசுல என்ன இருக்குதுன்னு கேக்குறேன். ஜெனரேட்டர் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நல்லா சத்தமாச் சொல்லு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து சத்தமும் வந்தது. “குடுக்க மாட்டேண்ணா! மச்சான் கேட்டாலும் சரி, அந்த ஆபீசரே திரும்பி வந்து கேட்டாலும் சரி. அது எம் பிள்ள மாதிரி. யாருக்கும் குடுக்க மாட்டேன்!”

அந்த நேரம் கரண்ட் வந்து ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். ஸ்டேஷன் பக்கக் குழாயிலிருந்து, “...யாருக்கும் குடுக்க மாட்டேன்” என்று ஒரு குரல் ஊரைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. யாரோ நல்லாப் பேசுகிறார்களே என்று நினைத்தேன். பிறகுதான் அது என் குரல் என்று புரிந்தது.

வீட்டு வாசலில் மச்சான் நின்றிருந்தார். தலை நிமிராமல் போய் நின்றேன்.

“மாப்ள” என்றார். “எந்தங்கச்சியக் கட்டி இத்தன வருசத்துல நீங்க வாய் தெறந்து இன்னைக்குத்தான் கேக்குறேன். அதுவும் ஊரோட சேந்து கேக்குறேன்.” உடம்பு குலுங்கச் சிரித்தார். “நீங்களே வெச்சுக்குங்க. நாய்க்குப் பதிலா ரெண்டு இட்லி வெக்கச் சொல்லுங்க, பசிக்குது.”

ஸ்டெல்லா இட்லி வைத்தாள். முதலில் டைகருக்கு.

தேர் கிளம்புவதற்கு முன் மைக்செட் அண்ணன் வந்து என் பக்கத்தில் நின்றார். “தப்பா நெனச்சுக்காத தம்பி. சுவிட்ச ஆஃப் பண்ண மறந்துட்டேன்” என்றார். காற்றைத் தட்டவில்லை, ஊதவும் இல்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி அவர் பேசினது அன்றுதான்.

பூசையில் ஃபாதர் இருமுவதற்கு முன்பே சுவிட்சை அணைத்துவிடுகிற கை அது. மறந்துவிட்டதாம். சரிங்கண்ணா என்றேன்.

மறுநாள் காலை மச்சான் குடும்பம் கம்பைநல்லூருக்குக் கிளம்பியது. மைக்செட் அண்ணன் ஏணி போட்டுக் குழாய்களைக் கழற்றினார். எனக்கு லீவு இல்லை, கடைக்குப் போனேன்.