சாம்பலில் பித்தளை அரித்த மிஸ்ஸிங் சார்

எதையாவது காணோம் என்று சொன்னால் துள்ளிக் குதிக்கிற மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் 1991இல் சுங்குவார்சத்திரம் லாட்ஜில், எனக்குப் பக்கத்து அறையில் வந்து சேர்ந்தார். தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் வாத்தியார். பெற்றவர்கள் வைத்த பெயர் லாட்ஜ் மேனேஜருக்கே மறந்துவிட்டது. எல்லோருக்கும் அவர் மிஸ்ஸிங் சார்.

ஒரு நாள் காலை என் குளியல் சோப்பைக் காணோம் என்று கத்தினேன். சார் பல் துலக்கிய நுரையோடு ஓடி வந்தார்.

"நிச்சயமா காணோமா? பிரமாதம்! யாரும் உள்ள வராதீங்க!"

ஜன்னலைச் சாத்தினார். கட்டிலைக் கவிழ்த்தார். சாக்கடைக் குழாயில் தோள்வரை கையை விட்டார். கடைசியில் பரண் மூலையில், எலி கடித்த மிச்சம் கிடைத்தது. எனக்குச் சந்தோஷம், அவருக்கு முகம் தொங்கிவிட்டது. "எலி! வெறும் எலி!" என்று முனகிக்கொண்டே போனவர் அன்று இட்லிகூடச் சாப்பிடவில்லை.

எல்லாம் அவர் செய்த ஆராய்ச்சி படுத்திய பாடு. கேயான் என்று ஒரு குட்டித் துகளாம். பிறந்ததும் உடைந்துவிடுமாம். எப்போதாவது, மிக மிக அபூர்வமாக, உடைந்த துண்டு ஒன்று மட்டும் இந்தப் பக்கம் ஓடும். எதிர்ப்பக்கம் ஒன்றுமே தெரியாது. ஆனால் ஆற்றல் கணக்கு உதைக்கும். அப்படியென்றால், கண்ணுக்குச் சிக்காத ஏதோ ஒன்று மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அது ஏற்கெனவே தெரிந்த ஆசாமியா, உலகம் இதுவரை பார்க்காத புது ஆசாமியா? வெளிநாட்டில் யாரோ கேயானை உண்டாக்கி, அது உடைவதைப் படம் பிடிப்பார்கள். அந்தப் படங்கள் கத்தை கத்தையாக இவர் கட்டிலுக்கு அடியில் வந்து குவியும்.

"எடுத்ததும் புது ஆசாமின்னு சொல்லிடக்கூடாதுப்பா. மொதல்ல நம்ம கருவியில ஓட்டை இருக்கான்னு பாக்கணும். எல்லா ஓட்டையும் அடைச்ச பிறகும் காணோம்னாத்தான் காணோம்!"

அதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் ஓட்டைதான்.

இந்தக் கிறுக்குதான் என் பிழைப்பைக் காப்பாற்றியது. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு பட்டறையில் நான் லேத் ஓட்டினேன். பித்தளைக் கம்பியைக் கடைந்து நட்டும் போல்ட்டும் செய்கிற வேலை. உள்ளே வருகிற கம்பியை எடை போடுவார்கள். செய்த சாமானையும் கடைசலில் விழுந்த சீவலையும் சேர்த்து எடை போடுவார்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மாதக்கணக்கில் ஒத்துப்போகவில்லை. பித்தளை கடைந்தவன் நான் ஒருவன்தான்.

"இன்னாடா, டிபன் பாக்ஸ்ல போட்டு வூட்டுக்கு எட்த்துகினு போறியா?" என்றார் சூப்பர்வைசர். "சனிக்கெயமைக்குள்ள எங்க போச்சுன்னு சொல்லு. இல்லாங்காட்டி போலீசுதான்."

திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் வரை ஒருவரும் வேலை தர மாட்டார்கள். சாரிடம் போய் அழுதேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"காணோமா? எவ்வளவு நாளா?"

அழுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது!

சனிக்கிழமை காலை பட்டறைக்கே வந்துவிட்டார். காலேஜ் வாத்தியாரை எப்படித் துரத்துவது என்று தெரியாமல் சூப்பர்வைசர் முழித்தார். சார் என் சட்டையை உதறினார். டிபன் பாக்ஸை முகர்ந்தார். எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, சூப்பர்வைசர் செருப்பு உட்பட, அடியைக் குண்டூசியால் நோண்டினார். ஒன்றும் தேறவில்லை.

அந்த நேரம் பார்த்து, தரையில் சிந்திய எண்ணெயை உறிஞ்சுவதற்காகத் தூவியிருந்த மரத்தூளை, பெருக்குகிற அம்மா வாரி மூட்டை கட்டினார். டீக்கடை கன்னியப்பன் வழக்கம்போல அதைச் சைக்கிளில் ஏற்றினார். எண்ணெய் ஊறிய தூள் அவர் அடுப்பில் ஜோராக எரியும்.

"இதை எடை போட்டாச்சா?" என்றார் சார்.

"குப்பைய எவன் சார் எடை போடுவான்?" என்றார் சூப்பர்வைசர்.

சார் சைக்கிளுக்குப் பின்னால் ஓடினார். நாங்கள் சாருக்குப் பின்னால் ஓடினோம். யாரோ அடிக்க வருகிறார்கள் என்று கன்னியப்பன் இன்னும் வேகமாக மிதித்தார்.

டீக்கடைக்குப் பின்னால் அடுப்புச் சாம்பல் மேடாகக் கிடந்தது. சார் அதில் முழங்கால் வரை இறங்கி, கையில் அகப்பட்ட குண்டானில் சாம்பலை அள்ளித் தண்ணீர் விட்டு அலசினார்.

"இன்னா சார், டீ குட்க்க வந்தியா, தங்கம் அரிக்க வந்தியா? பால் காச்சற குண்டான் சார் அது!"

குண்டானின் அடியில், கடைசலில் தெறித்து மரத்தூளோடு கலந்து போன பித்தளைப் பொடி மினுமினுத்தது. மறுபடி அள்ளினார். மறுபடியும் பித்தளை.

"அதான் கிளாஸ் பூரா கீறலா கீதா? இந்தச் சாம்பல்லதான் தேச்சிகினு கீறேன்!" என்று கன்னியப்பன் தலையில் கை வைத்தார்.

சூப்பர்வைசர் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "திங்கக்கெயமை ஷிஃப்டுக்கு வந்துடுப்பா" என்றார்.

சார் மட்டும் சாம்பல் பூசிய முகத்தோடு சோர்ந்து உட்கார்ந்திருந்தார். "ஓட்டைதான்பா. இதுவும் ஓட்டைதான்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாரும் மொதல்ல என்னத்தான் சார் சந்தேகப்பட்டாங்க. உங்களுக்குத் தோணவே இல்லியா?"

"தோணாம என்ன? ஆனா உன்னைக் கடைசியில வச்சிருந்தேன். நீ திருடன்னா அது எனக்குப் புது பிசிக்ஸ்பா. அவ்வளவு சுலபமா நம்பிட முடியுமா?"

அடுத்த வருடம் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார். அவர் தேடியது கிடைத்ததா என்று தெரியாது. ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்கு எப்போது போனாலும், எனக்கென்று எதையும் கேட்பதற்கு முன்னால், சாருக்கு ஓட்டையே இல்லாத ஒரு 'காணோம்' கிடைக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.